மாட்டுக்குக் கட்டிய வீடு

ஐஸ் பெட்டி கொண்டுவந்த இரண்டு பேரும் லுங்கியை மடித்துக் கட்டி, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, மல்லுக்கட்டுக்குப் போகிறவர்களைப் போலத் தெருவில் நின்றார்கள். சாவு வீடுகளில் அவர்கள் பட்ட பாடு அப்படி. படி இருக்கும். படிக்கு மேல் நடை இருக்கும், நடையில் செருப்பு ஸ்டாண்டு இருக்கும். எல்லாவற்றையும் தாண்டிப் போனால் வாசற்கால் பெட்டியைவிடக் கொஞ்சம் குறுகலாக இருக்கும்.

"வாசக்கதவ கழட்டணுமாம்மா?" என்று பெரியவர் கேட்டார்.

"வாணாண்ணா. அப்பிடியே தள்ளுங்க, போவும்" என்றாள் கண்ணகி. காலையிலிருந்து அழுததில் அவளுக்குக் குரல் கட்டியிருந்தது.

அவர் நம்பவில்லை. இருந்தாலும் தள்ளினார். பெட்டியின் சக்கரங்கள் சிமெண்டுச் சரிவில் ஏறின. வாசலில் எங்கும் இடிக்காமல் பெட்டி நேராகக் கூடத்தின் நடுவே போய் நின்றது. தூக்குவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த இன்னொருவன் அதை எங்கே விடுவது என்று தெரியாமல் விழித்தான்.

"அட, இன்னா வூடு இது! இத்தினி வருசத்துல இப்பிடி ஒரு வூட்ட நான் பாத்ததே இல்ல" என்றார் பெரியவர். துக்க வீடு என்பது ஞாபகம் வந்து, சட்டென்று முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா செங்கமலம், தரையில் கிடத்தியிருந்த தன் புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "பாத்தியாய்யா, உனுக்கு அளவெடுத்தாப்புல நொழஞ்சிடுச்சி. நீ பெருமையடிச்சிக்கற வூடாச்சே!"

கண்ணகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்கு நடுவே வந்த சிரிப்பு என்பதால் அடக்கவும் முடியவில்லை. விழுப்புரத்திலிருந்து வந்திருந்த அத்தைகள் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்தால் பார்க்கட்டும். சுப்புராயன் உயிரோடு இருந்திருந்தால் இதற்கு முதலில் சிரித்திருப்பவர் அவர்தான்.

செங்கமலத்துக்குச் சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப் போயின. கல்யாணமான நாளிலிருந்து அவளைத் தூக்கிச் சுமந்தவர் சுப்புராயன். திருபுவனையில் ஒரு கம்பெனியில் அவருக்கு லோடு மேன் வேலை. பகலில் மூட்டை, சாயங்காலம் பெண்டாட்டி என்று எல்லோரிடமும் சொல்வார். மூட்டை திட்டாது, அதுதான் வித்தியாசம் என்பார். வயதாகி இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகுதான் சக்கர நாற்காலி வந்தது. அது வந்த பிறகுதான் ஊரிலுள்ள வீடெல்லாம் படியின் மேல் உட்கார்ந்திருப்பது அவர்கள் கண்ணில் பட்டது.

நாற்காலி நுழைகிற வாடகை வீடு தேடி அப்பனும் மகளும் வில்லியனூரிலிருந்து ஒவ்வோர் ஊராக ஸ்கூட்டியில் அலைந்தார்கள். "படி மூணுதான, தூக்கிக்க மாட்டீங்களா?" என்றார் ஒருவர். புது டைல்ஸ், சக்கரம் கீறிவிடும் என்றார் இன்னொருவர். படியில்லாத வீடு ஒன்று கிடைத்தது. அதில் பாத்ரூம் கதவு ஒல்லியான ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்குத்தான் இருந்தது. எல்லாம் பொருந்தி வந்த வீட்டின் சொந்தக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஃபேமிலிக்குதாங்க விடறோம்" என்றார்.

"நாங்க இன்னா சர்க்கஸா?" என்று கேட்டார் சுப்புராயன்.

உண்மையான காரணத்தைக் கண்ணகியிடம் தனியாகச் சொன்னவர்களும் உண்டு. "தப்பா நெனச்சிக்காதம்மா. ரெண்டு பேரும் வயசானவங்க. நாளைக்கி ஒண்ணு ஆயிடுச்சின்னா அப்பறம் அந்த வூட்டுக்கு எவன் வருவான்?" கோபம் வரும். ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுவாள். கண்ணகியின் வீடோ வில்லியனூரில் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மகள் வீட்டுச் சமையலறையைச் செங்கமலம் செல்போனில்தான் பார்த்திருக்கிறாள்.

கடைசியில் பாகூருக்குப் பக்கத்தில் இந்த வீடு அகப்பட்டது. வீடு என்று சொல்வது மரியாதைக்குத்தான். தையலம்மாளின் மாட்டுத் தொழுவம் அது. மாடுகளைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டு, தொழுவத்துக்குச் சுவர் எழுப்பி, டைல்ஸ் போட்டு, கம்பெனிக்குப் போகிற பையன்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று வைத்திருந்தாள். மாடு படியேறாது என்பதால் படி கிடையாது, சரிவு. கொம்பு இடிக்கக் கூடாதென்று வைத்த அகலமான வாசல். நாற்காலி நுழைந்து திரும்பி வெளியே வந்தபோது சுப்புராயனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாட்டுக்குக் குடுத்த மரியாதைய மனுசனுக்கு எவனும் குடுக்கலியேம்மா" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வாடகையப் பாத்துப் போடு. மாட்டவிட நாங்க கம்மியாதான் திம்போம்" என்றார்.

தையலம்மாள் யாரிடமும் சிரிக்காதவள் என்று ஊரில் பேர். அன்றைக்கும் சிரிக்கவில்லை. "பாலு குடுப்பியா?" என்று மட்டும் கேட்டாள். வாடகையில் சல்லிக்காசு குறைக்கவில்லை. ஆனால் அந்த வாரமே சாயங்காலம் சீரியல் பார்க்கச் செங்கமலத்தின் கட்டிலோரம் வந்து உட்கார ஆரம்பித்தாள். அவள் வீட்டிலும் டிவி இருந்தது.

நடேசன் வந்தபோது பந்தலுக்குக் கீற்று இறங்கிக்கொண்டிருந்தது. தையலம்மாளின் புருஷனுக்குத் தம்பி அவர். செத்துப்போன அண்ணன் இடத்தில் இருந்து எல்லாவற்றையும் தானே பார்க்க வேண்டும் என்று நினைப்பவர். முன்பெல்லாம் கையில் பஞ்சாங்கம் இருக்கும். இப்போது அது செல்போனுக்குள் போய்விட்டது. சுப்புராயனுக்கு மாலை போட்டு, கும்பிட்டு, வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அதை எடுத்தார்.

"எத்தினி மணிக்கும்மா ஆச்சி?"

"விடிகாலையில மாமா. ஆறு அடிக்கல" என்றாள் கண்ணகி.

விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "அடக் கடவுளே, சதயமாச்சே!"

கண்ணகியின் புருஷன் சார்லஸ் அவள் காதோரம் குனிந்து, "சதயம்னா இன்னாடி?" என்று கேட்டான். மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவனுக்கு அது எப்படித் தெரியும்?

"அடைப்பு" என்றாள் அவள். அந்த நட்சத்திரத்தில் உயிர் போனால் போன இடத்தை மூடிவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு யாரும் அங்கே புழங்கக் கூடாது. விளக்கு மட்டும் ஏற்றலாம். பெரிய வீடாக இருந்தால் ஓர் அறையைப் பூட்டிவிட்டு மற்ற அறைகளில் இருந்துகொள்வார்கள். இது ஒற்றைக் கூடம். பூட்டினால் மொத்தமாகத்தான் பூட்ட வேண்டும்.

கண்ணகிக்குச் செத்துப்போன அப்பனைப் பற்றிய துக்கத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, உயிரோடிருக்கும் அம்மாவைப் பற்றிய பயம் முன்னால் வந்து நின்றது. ஆறு மாதத்துக்கு அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது? இரண்டு மாடி தூக்கிக்கொண்டு போய்விடலாம். போன பிறகு அவள் தெருவை எப்போது பார்ப்பாள்? துணைக்கு ஒருவர் இருக்கும்போதே வீடு கொடுக்காதவர்கள், தனியாகிப்போன ஒருத்திக்கா கொடுக்கப் போகிறார்கள்?

"பொதுவா சொல்றேன்மா. எனுக்கொண்ணும் இல்ல. அண்ணி தனியா இருக்கறவங்க. நாளைக்கி அவங்களுக்கு ஒண்ணு ஆவக்கூடாது பாரு" என்றார் நடேசன். கெட்டவர் இல்லை அவர். நிஜமாகவே பயந்தார்.

எல்லோரும் தையலம்மாளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் வந்தவர்களுக்கு டீ போட்டுத் தூக்கில் எடுத்துக்கொண்டு வந்தாள். கன்னத்தில் அடுப்புக்கரி ஒட்டியிருந்தது. நடேசன் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே பேப்பர் கப்புகளில் டீ ஊற்றினாள். அவளும் இதையெல்லாம் நம்புகிறவள்தான். மாமனார் செத்தபோது மேற்கு அறையை அவள் கையாலேயே பூட்டி, ஆறு மாதம் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தவள்.

"காலையில நீங்கதான அண்ணி கூட இருந்தீங்க? உசுரு எங்க போச்சி? வூட்டுக்குள்ளயா, வெளியயா?"

கண்ணகி தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். தினமும் விடிகாலையில் செங்கமலம் எழுவதற்கு முன் சுப்புராயன் நாற்காலிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, தானே அதில் உட்கார்ந்து சரிவில் சர்ரென்று இறங்கித் தெருவில் போய் நிற்பார். சோதனை ஓட்டமாம். தெருவில் கோலம் போடுகிற தையலம்மாள் திட்டுவாள். "ஹாரன் அடிச்சனே, காதுல வுழலியா?" என்பார். இன்றைக்கும் இறங்கினார். கோலத்தின் மேலேயே போய் நின்றார். அவள் திட்டி முடித்த பிறகும் பதில் வரவில்லை. தலை தொங்கியிருந்தது. அப்படியே நாற்காலியோடு சரிவில் தள்ளி ஏற்றி, செங்கமலத்தின் கட்டிலோரம் கொண்டுவந்து சேர்த்தவள் தையலம்மாள்தான். அப்புறம் நடந்ததைச் செங்கமலம் போனில் மகளிடம் சொல்லியிருந்தாள். "தண்ணி ஊத்துனேன்டி. ரெண்டு வாய் முழுங்குனாரு. என்னியப் பாத்தாருடி. சிரிக்கிறாப்புல பாத்தாரு. அவ்ளோதான்."

தையலம்மாள் தூக்கைக் கீழே வைத்தாள்.

"வெளியதான்" என்றாள். "தெருவுல, வண்டியிலயே போய்ட்டாரு. நான் கிட்ட போயி தொட்டுப் பாத்தேன். உள்ள வந்தது வெறும் கட்டதான்."

"நெசமாவா?"

"இன்னா நடேசா, உசுரு போனதுக்கும் போவாததுக்கும் எனுக்கு வித்தியாசம் தெரியாதா? எத்தினி மாடு பாத்திருக்கறேன்!"

நடேசன் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏம்மா செங்கமலம், அப்பிடித்தானா?"

செங்கமலம் ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குள் இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாசலில் நின்ற தையலம்மாளைப் பார்த்தாள். தையலம்மாள் பார்வையைத் திருப்பிக்கொண்டு இல்லாத ஈயை விரட்டினாள்.

"நான் உள்ள படுத்துக் கெடந்தேன். வெளிய நடந்தது எனுக்கு இன்னா தெரியும்? அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் செங்கமலம்.

கண்ணகிக்கு மூச்சு திரும்பியது. அப்பன் செத்த அன்றைக்கு இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று வெட்கமாகக்கூட இருந்தது. படலாம், படலாம், அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"தெருவுலன்னா வூட்டுக்கு தோசமில்ல" என்றார் நடேசன். அவருக்கும் பாரம் இறங்கினாற்போலத்தான் இருந்தது. ஆனால் செல்போனைத் திறந்த பிறகு எதையாவது மூடாமல் போவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. "ஆனா வண்டியில போயிருக்குது. அப்ப வண்டிய மூடணுமே!"

எல்லோரும் திரும்பிச் சக்கர நாற்காலியைப் பார்த்தார்கள். மூலையில் நின்றிருந்தது. அதன் கைப்பிடியில் ஐஸ் பெட்டிக்காரர் தன் துண்டைக் காயப்போட்டிருந்தார். அவர் ஓடிப்போய் அதை எடுத்துக்கொண்டார்.

"ஆறு மாசமா? அப்ப நான் எதுலய்யா போவறது?" என்று கேட்டாள் செங்கமலம்.

"வாய மூட்றி" என்றாள் தையலம்மாள். "வண்டி போனா வண்டி. வூடு இருக்குதில்ல?"

நாற்காலிக்கு மஞ்சள் தெளித்து, பின்கட்டில் மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, சைக்கிள் சங்கிலியால் தூணோடு சேர்த்துப் பூட்டினார்கள். அதன் முன்னால் ஓர் அகல் வைத்தார்கள். பசு இரண்டும் வைக்கோலை மெல்லுவதை நிறுத்திவிட்டு, புதிதாக வந்திருப்பவர் யார் என்று பார்த்தன. சார்லஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து ஒரு கிழவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்கக் கண்ணகி குடத்தோடு போனபோது குழாயடியில் தையலம்மாள் மட்டும் இருந்தாள்.

"பெரிம்மா" என்றாள் கண்ணகி.

"இன்னா?"

காலைப் பிடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது. "ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா கொடத்த நேரா வை. தண்ணி வெளிய போவுது." கண்ணகி குடத்தை நேராக வைத்தாள். "பயமாத்தான்டி இருக்குது" என்றாள் தையலம்மாள், குடத்தைப் பார்த்துக்கொண்டே. "வரட்டுமே. உங்க நைனாதான? வந்தா வாடகை கேப்பேன்."

மூன்று மணிக்குச் சுப்புராயனை எடுத்தார்கள். மேளம் தெருமுனை வரை கேட்டது. பாகூரிலேயே கெட்டிக்காரர்களாகப் பார்த்துக் கூட்டிவர வேண்டும், ஒப்புக்குத் தட்டுகிறவன் எவனும் வரக் கூடாது என்று அவர் எப்போதோ சொல்லிவைத்திருந்தார். அதை மட்டும் கண்ணகி மறக்கவில்லை. சித்தப்பா மகன் அரசு கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றான். பாடையை வாசலிலிருந்து சரிவில் இறக்கியபோது யாரும் குனியவும் இல்லை, சாய்க்கவும் இல்லை. அப்படியே மிதந்து இறங்கிப் போனார்.

செங்கமலம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். வாசல் வரைக்கும் போக வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டாலும் போக நாற்காலி இல்லை. அவள் கழுத்தை எக்கி எக்கிப் பார்ப்பதைச் சார்லஸ் கவனித்தான். பாடைக்குப் பின்னால் நான்கு அடி போனவன் திரும்பி வந்து, மாமியாரைக் கையில் தூக்கினான். மகளைக் கூட்டிக்கொண்டு போனவன் இவன் என்று ஒரு வருஷம் அவனோடு பேசாதிருந்தவள் அவள்.

"பாத்துய்யா, கீழ போட்டுடாத" என்றாள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு. "உங்க மாமா தூக்குனா இவ்ளோ ஆடாது."

"வெயிட்டு அப்பிடி, அத்தே!"

தெருவில் நின்று, மேளம் தெருமுனையில் திரும்புகிற வரை பார்த்தாள். திரும்பியதும்தான் வாய்விட்டு அழுதாள். "போய்ட்டியேய்யா, என்னிய விட்டுட்டுப் போய்ட்டியேய்யா" என்று அவன் தோளில் அடித்து அடித்து அழுதாள். அவன் கை வலித்தும் இறக்கவில்லை. கண்ணகியும் அழுதாள். தையலம்மாள் சரிவின் மேல் நின்று, தெருவில் சிந்திய பூக்களைக் கூட்டுகிறேன் என்று அந்தப் பக்கம் திரும்பி வெகுநேரம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆண்கள் சுடுகாட்டுக்குப் போய்ப் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். உறவுக்காரர்கள் மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பினார்கள். சார்லஸ் எங்கேயோ போனவன், ஆட்டோவில் ஒரு சக்கர நாற்காலியோடு வந்து இறங்கினான். மாதா கோயில் முதியோர் இல்லத்தில் சும்மா இருந்ததாம். ஃபாதரிடம் கேட்டு வாங்கி வந்தானாம். உட்காரும் துணி ஒரு பக்கம் தொய்ந்திருந்தது. மற்றபடி ஓடியது.

செங்கமலத்தை அதில் உட்கார வைத்து, பின்னால் பிடித்துக்கொண்டே சரிவில் இறக்கினான். தெருவில் கொஞ்ச தூரம் தானே ஓட்டிப் போய்த் திரும்பினாள். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"வுடு, நானே ஏறிக்கறேன்" என்றாள்.

சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினாள். முன்சக்கரம் சரிவில் ஏறியதுமே நாற்காலி பின்னால் வந்துவிட்டது. இன்னொரு முறை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை. இத்தனை நாளும் இந்த இடத்தில் பின்னாலிருந்து ஒரு தள்ளு வரும். அதை யாரும் கணக்கில் வைத்திருக்கவில்லை.

"அவரு தள்ளுவாரு" என்றாள் செங்கமலம். மடியில் கையை வைத்துக்கொண்டாள்.

நாளைக்குக் கண்ணகியும் சார்லசும் வேலைக்குத் திரும்ப வேண்டும். வீடு இருக்கிறது. வீட்டுக்குள் ஏற்றிவிட ஆள் இல்லை.

மாட்டுக்குக் கழனித்தண்ணியோடு பின்கட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தையலம்மாள் வாளியை வைத்துவிட்டு வந்தாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

"எறங்குடி."

"எறங்கி எங்க நிக்கறது?" என்று கேட்டாள் செங்கமலம்.

சார்லஸ் அவளைத் தூக்கிப் பந்தல்காரன் எடுக்காமல் விட்டிருந்த பிளாஸ்டிக் சேரில் வைத்தான். தையலம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தாள். காலைத் தரையிலிருந்து எடுத்து மேலே வைத்தாள். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். சரிவில் பாதி வரை ஏறி, அப்படியே பின்னால் உருண்டு வந்து தெருவில் நின்றாள். அந்த வழியே போன பால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டார்.

"இன்னா வேடிக்க?" என்றாள் அவரிடம். இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள். "யோவ் அரிகரா, கொத்தனாரே! இங்க போட்டியே ஒரு சரிவு, இது இன்னாய்யா மலையா? ... மாட்டுக்குச் சொன்னேன், ஆமா, மாட்டுக்குத்தான் சொன்னேன். இப்ப மனுசி இருக்கறாளே! ... தெரு வரிக்கும் நீட்டிப் போடு. ரெண்டு பக்கமும் கம்பி வை. ... அடுத்த வாரமா? அதெல்லாம் ஆவாது. இன்னிக்கே சிமெண்ட எடுத்துக்கினு வா!"

மறுமுனையில் அவர் என்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, தையலம்மாள் மறுபடி சக்கரத்தைப் பிடித்தாள்.

"முன்னால குனியக்கா" என்றாள் செங்கமலம், பிளாஸ்டிக் சேரில் நுனிக்கு வந்து. "நெஞ்சு முட்டியத் தொடணும். ம்... இப்ப தள்ளு."

தையலம்மாள் குனிந்தாள். சக்கரம் கொஞ்சம் ஏறியது.